சிறந்த படம் எது? தீர்ப்புக்கு முன் தேட வேண்டிய சாட்சி



மலையடிவார ஊராகிய நம் கன்னிவாடியில் மாலை நேரத்துத் தேநீர்க் கடைகளில் ஓயாமல் நடக்கும் வழக்குகள் பல. அவற்றுள் ஒன்று, தமிழில் வந்த படங்களிலேயே மிகச் சிறந்தது எது என்பது. பெரியவர் ஒருவர் ஐம்பதுகளில் வந்த படம் ஒன்றைச் சொல்வார். நடுவயதினர் 'நாயகன்' என்பார். கைப்பேசியில் உலகப் படங்களைப் பார்த்துப் பழகிய இளைஞர் இருவரையும் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, எவரும் கேள்விப்படாத ஓர் அயல்நாட்டுப் பெயரைச் சொல்வார். சிறிது நேரத்தில் பேச்சு படத்தை விட்டு ஆளின் மீது பாயும். 'உங்களுக்கு என்ன தெரியும்' என்பதில் அன்றைய சபை கலையும்.

படம் பார்ப்பது பற்றிய மார்க்கச் சட்டம் இக்கட்டுரையின் பொருளன்று. அதற்குத் தனி இடமுண்டு. நாம் இங்கே பார்க்க விரும்புவது, 'மிகச் சிறந்தது' என்னும் தீர்ப்பு எவ்வாறு உருவாகிறது என்னும் வரலாற்றை. தீர்ப்பு என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது சாட்சியை. எது நம் கைக்கு வந்து சேர்ந்தது, எது வந்து சேரவே இல்லை என்று அறியாமல் வரிசை எழுதுவது, பாதிச் சாட்சிகளை வாசலில் நிறுத்திவிட்டு வழக்கை முடிப்பது போன்றதாகும்.

பஸராவும் கூஃபாவும்

இந்தச் சண்டை திரைப்படத்தோடு பிறந்ததன்று. மதரஸாவில் அரபு இலக்கிய வரலாறு படித்தோருக்கு இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ என்னும் பெயர் புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த பஸரா அறிஞர் அவர். கவிஞர்களைத் தரம் பிரித்து அவர் எழுதிய 'தபகாத்து ஃபுஹூலிஷ் ஷுஅரா', அரபு மொழியில் நமக்குக் கிடைத்துள்ள பழமையான இலக்கியத் திறனாய்வு நூல்களில் ஒன்று. இஸ்லாத்திற்கு முந்திய காலக் கவிஞர்களை அவர் பத்து வகுப்புகளாகப் பிரித்தார். வகுப்புக்கு நால்வர். முதல் வகுப்பில் இம்ருஉல் கைஸ், நாபிகா, ஸுஹைர், அஃஷா ஆகியோரை வைத்தார்.

அந்த நால்வரில் முதல்வர் யார் என்ற கேள்விக்கு அவர் தரும் செய்தி சுவையானது. பஸராவின் அறிஞர்கள் இம்ருஉல் கைஸை முற்படுத்தினர். கூஃபாவினர் அஃஷாவை முற்படுத்தினர். ஹிஜாஸ் மக்களும் பாலைவாசிகளும் ஸுஹைரையும் நாபிகாவையும் முற்படுத்தினர். ஒரே மொழி, ஒரே கவிதைகள். ஊர் மாறியதும் முதல்வர் மாறினார். நம் தேநீர்க் கடைச் சண்டைக்கு ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டு மூப்புள்ள அண்ணன் இருக்கிறான் என்பது ஒருவகையில் ஆறுதல்தான்.

ஆனால் இப்னு ஸல்லாம் அந்தச் செய்தியோடு நின்றுவிடவில்லை. தரஃபா, அபீத், அல்கமா, அதீ ஆகிய நால்வரை நான்காம் வகுப்பில் வைக்கும்போது ஒரு விளக்கமும் சொல்கிறார். இவர்களுடைய உண்மையான இடம் முன்னோர்களோடுதான். அறிவிப்பாளர்களின் கையில் இவர்களுடைய கவிதைகள் குறைவாகவே எஞ்சியதால்தான் பின்னுக்கு வந்தனர் என்பது அவர் கருத்து. அரபிகள் பாடியவற்றில் மிகச் சிறு பகுதியே நம்மை வந்தடைந்தது என்ற அபூ அம்ரு இப்னுல் அலாவின் கூற்றையும் அவர் பதிவு செய்கிறார். வரிசை எழுதியவரே, தம் வரிசையின் ஓட்டையைத் தம் கையால் சுட்டிக்காட்டிய நேர்மை அது. இந்த நேர்மையைத்தான் நம் காலத்துத் திரை ரசிகர்களிடம் நாம் தேடுகிறோம்.

திண்டுக்கல், 1973

ஊர்ப் பற்று கவிஞர்களை வரிசைப்படுத்தியது போலவே, கட்சிப் பற்றும் ஆள் பற்றும் படங்களை வரிசைப்படுத்தும். அதற்கு நம் மாவட்டத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1972 அக்டோபர் 17 அன்று எம்.ஜி.ஆர். புதுக் கட்சி தொடங்கினார். அடுத்த ஆண்டு மே 11 அன்று அவரே இயக்கி நடித்த 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியாயிற்று. ஒன்பது நாள் கழித்து, மே 20 அன்று திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் வென்றார். அக்கட்சியின் முதல் தேர்தல் வெற்றி அதுவே.

அந்த மே மாதத்தில் திண்டுக்கல் பகுதியில் வாழ்ந்த ஒருவரிடம் சிறந்த படம் எது என்று கேட்டால், பதில் படத்தைப் பற்றியதாக மட்டும் இருந்திருக்க முடியுமா? சிவாஜி ரசிகர், எம்.ஜி.ஆர். ரசிகர் என்ற பிரிவு நடிப்பைப் பற்றிய கருத்து வேறுபாடாகத் தொடங்கி, நாளடைவில் வீட்டுச் சுவரில் எவர் படம் தொங்குவது என்பது வரை சென்றது. சிவாஜி கணேசனுக்கு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்திற்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்ததை ஒரு தரப்பு சொல்லும். மக்கள் தந்த வெற்றிக்கு மேல் விருது உண்டா என்று மறு தரப்பு கேட்கும். இருவரும் தத்தம் அளவுகோலில் உண்மையே பேசினர். ஒருவர் கையில் தராசு, மற்றவர் கையில் முழக்கோல் என்பதை மட்டும் எவரும் கவனிக்கவில்லை.

அளவுகோல் இரண்டாக இருப்பதற்கு முந்திய சான்றுகளும் உண்டு. 1944இல் வெளிவந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கூட்டமே அளவுகோல் என்றால் அதை வெல்வது கடினம். பத்தாண்டு கழித்து, 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' வந்தது. பாடல் ஒன்றும் இல்லாத அப்படம் வெளியான காலத்தில் வசூலில் வெல்லவில்லை. இன்று தமிழின் செவ்வியல் படங்களைப் பேசுவோர் அதை விட்டுவிட்டுப் பேசுவது அரிது. காசின் தரத்தை நிறத்தாலோ தொட்டுப் பார்த்தோ அறிய முடியாது, அதற்கு நாணயப் பரிசோதகர் வேண்டும் என்று இப்னு ஸல்லாம் கவிதைக்குச் சொன்னது இங்கும் பொருந்தும். ஆயினும் பரிசோதகர் முன் காசு வந்து சேர்ந்தால்தானே பரிசோதனை?

அடிவாரத்துக் கொட்டகை

நம்மிடம் படம் எந்த உருவில் வந்து சேர்ந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நகரத் திரையரங்குகளில் ஓடி முடிந்த பின்னரே அடிவார ஊர்களின் டூரிங் டாக்கீஸுக்குப் படப்பெட்டி வரும். அதற்குள் ரீல்கள் தேய்ந்திருக்கும். திரையில் மழை பெய்வது போலக் கோடு விழும். அறுந்த இடத்தை ஆபரேட்டர் வெட்டி ஒட்டியிருப்பார். ஒட்டும்போதெல்லாம் சில நொடிகள் காணாமற் போகும். பல கொட்டகைகளில் ஒரே இயந்திரம் என்பதால் ரீல் மாற்ற அடிக்கடி இடைவேளை விடுவர். பகலில் கூடாரம் இருட்டாகாது. எனவே மாலைக் காட்சியும் இரவுக் காட்சியும் மட்டுமே.

தரை டிக்கெட் வாங்கி மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்தவரும், சென்னையில் புதுப் பிரதியைக் குளிர்சாதன அரங்கில் பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்த்தனர் என்று சொல்லலாம்; சொல்லாமலும் இருக்கலாம். வெட்டுண்டு தேய்ந்த பிரதியிலேயே ஒரு படம் ஒருவரை ஐம்பது ஆண்டு மறக்கவிடாமல் செய்திருந்தால், அந்தச் சாட்சியத்திற்கும் ஒரு கனம் உண்டு. அதைத் 'தெரியாதவர் பேச்சு' என்று தள்ளுவது நீதியன்று.

வராமலே போனவை

தேய்ந்தாவது வந்தவை இவை. இனி, வராமலே போனவற்றுக்கு வருவோம். அங்கேதான் நம் வழக்கின் கடுமை தெரியும்.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' ஆர். நடராஜ முதலியார் எடுத்தது. அது இன்று இல்லை. தமிழின் முதல் பேசும் படம் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியாயிற்று. ஹெச்.எம். ரெட்டி இயக்கினார், டி.பி. ராஜலட்சுமி நடித்தார். அதுவும் இல்லை. அதே ஆண்டு மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியான, இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வும் இல்லை. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். ஒரு தமிழ்ப் பெண் படம் இயக்கிய தொடக்கம் அது. அதையும் இன்று பார்க்க வழியில்லை. இவற்றுள் ஏதேனும் ஒன்று மகத்தான படைப்பாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். தீர்ப்புச் சொல்ல எவராலும் இயலாது.

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட பேசாப் படங்கள் நூற்றுக்கு மேல் என்பர். எஞ்சியதாக அறியப்படும் முழுநீளப் படம் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. அது எஞ்சிய கதை விந்தையானது. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரிப்பில் உருவாகி 1933இல் திரைக்கு வந்த அப்படம், சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவியது. நாவலின் உரிமை பெற்றிருந்த பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. படம் முடங்கியது. பிரதி பதிப்பகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றது. வழக்கில் வென்று ஊர் ஊராக ஓடியிருந்தால் அதுவும் மற்றவை போல் தேய்ந்து மறைந்திருக்கக்கூடும். எடுத்தவருக்கு நேர்ந்த இழப்பே படத்தைக் காத்தது.

மற்றவை ஏன் அழிந்தன? ஐம்பதுகளின் தொடக்கம் வரை படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும். வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பின் தூளாகும். அதன் பூச்சில் வெள்ளி இருந்தது. ஓடி முடிந்த படத்தைக் கிடங்கில் வைத்துக் காப்பதற்குச் செலவு. உருக்கி வெள்ளி எடுத்தால் வரவு. ஆகவே படங்கள் எடைக்குப் போயின. கலையைக் கொன்றவர்கள் என்று எவரையும் நாம் ஏசப் புறப்படவில்லை. ஓடி முடிந்த படம் மீண்டும் ஒரு நாள் தேவைப்படும் என்ற எண்ணமே அன்று வணிகத்தில் இல்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964இல்தான். 'காளிதாஸ்' வெளியாகி முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின். காக்கப்பட்டவையும் முழுப் பாதுகாப்பில் இல்லை. 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன.

உலகத்தார் எழுதிய வரிசைகள்

நம்மவர் வாதம்தான் இப்படி. மேலைநாட்டார் முறையாக வாக்கெடுத்து முடிவு செய்கிறார்களே என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அந்த வரலாற்றையும் பார்ப்போம்.

இங்கிலாந்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்குக் கேட்டுச் சிறந்த படங்களின் பட்டியலை வெளியிடுகிறது. முதல் முறை முதலிடம் பெற்றது, வெளியாகி நான்கே ஆண்டான இத்தாலியப் படம் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' அப்போது முதல் பத்தில்கூட இல்லை. அடுத்த முறை, 1962இல், அதுவே முதலிடம். 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து அதுவே. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதை இறக்கியது. பல ஆண்டு பொதுப் புழக்கத்தில் இல்லாதிருந்து, எண்பதுகளில் மீண்டும் திரைக்கு வந்து, 1996இல் புதுப்பிக்கப்பட்ட படம் அது. 2022இல் பெல்ஜியப் பெண் இயக்குநர் ஷாந்தால் அகெர்மானின் 'ஜான் டீல்மான்' முதலிடம் பெற்றது. பெண் ஒருவர் இயக்கிய படம் அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. 2012இல் அது முதல் முப்பதில்கூட இல்லை.

பத்தாண்டில் படம் மாறிவிடவில்லை. வாக்களித்தோர் மாறினர். 2012இல் எண்ணூற்றுக்கு மேற்பட்டோர். 2022இல் ஆயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்டோர். பழைய படங்கள் வீட்டுக்குள் வந்து சேரும் வழிகளும் பெருகியிருந்தன. இன்னொரு பக்கம், அமெரிக்க 'டைம்' இதழ் 2005இல் வெளியிட்ட நூறு படங்களின் பட்டியலில் 'நாயகன்' இடம்பெற்றதை நம்மவர் பெருமையோடு சொல்வர். பெருமை சரியே. ஆனால் அந்தப் பட்டியலைத் தேர்ந்தவர்கள் இரண்டே விமர்சகர்கள். அவ்விருவர் கண்ணில் பட்ட தமிழ்ப் படங்கள் எத்தனை இருந்திருக்கும் என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்பது நல்லது.

பெரும்புகழ் பெற்றவையும் நூலிழையில் தப்பியவையே. டிரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' பேசாப் படத்தின் மூலச் சுருள் 1928இலேயே தீக்கு இரையாயிற்று. அதன் முதல் வடிவப் பிரதி ஒன்று 1981இல் நார்வே நாட்டு மனநல மருத்துவமனை ஒன்றில் கிடைத்தது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1956இல் கான் விழாவில் பாராட்டப்பட்ட படம். அதன் மூலச் சுருள் 1993இல் லண்டனில் ஓர் ஆய்வுக்கூடத் தீயில் கருகியது. ராய் மறைந்து ஓராண்டே ஆகியிருந்தது. கருகியதைத் தூக்கி எறியாமல் காத்து வைத்தவர்களால், இத்தாலியின் பொலோன்யா நகர வல்லுநர்கள் அதைத் துண்டு துண்டாக மீட்டனர். 2015இல் அது மீண்டும் திரை கண்டது. இன்று ஓர் இளைஞர் தெளிவான பிரதியில் அதைப் பார்த்து 'இதுவே சிறந்தது' என்று சொல்லும்போது, அந்தத் தீர்ப்புக்குள் பெயர் தெரியாத பலரின் உழைப்பு அடங்கியிருக்கிறது.

காத்தவர்கள்

இந்த வழக்கில் நாம் அதிகம் பேச வேண்டியது நடிகரைப் பற்றியோ இயக்குநரைப் பற்றியோ அன்று, காத்தவர்களைப் பற்றி. புனே காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயர் நாடெங்கும் கிடங்குகளிலும் வீடுகளிலும் தேடிச் சுருள்களைச் சேர்த்தார். தமிழ்ப் படங்களின் பெயர், ஆண்டு, பங்கேற்றோர் என்று தனி மனிதராகத் தகவல் திரட்டியவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். இருவரும் 2016 மார்ச் மாதத்தில், சில நாள் இடைவெளியில் மறைந்தனர். நமக்கு அருகிலுள்ள தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன், தமிழ்த் திரை வரலாற்றை ஆய்வுக்குரிய துறையாக எடுத்துக்கொண்டு எழுதியவர்.

இவர்களைப் போன்றோருக்குக் கை கொடுத்த சான்றுகளில் ஒன்று எது தெரியுமா? திரையரங்கு வாசலில் அணா விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகம். சுருள் அழிந்த படங்கள் பலவற்றின் கதைச் சுருக்கமும் நடிகர் பெயரும் அந்த மெல்லிய தாள்களில்தான் உயிரோடு இருக்கின்றன. பாட்டைக் கற்க வாங்கிய எவரோ ஒருவர், அறியாமலே வரலாற்றின் அறிவிப்பாளர் ஆனார்.

நாம் செய்யத்தக்கவை

சாட்சியின் மதிப்பை அறிந்த மரபில் வந்தவர்கள் நாம். ஒரு செய்தி வந்தால் யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், நேரில் கண்டாரா என்று வினவப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தைத் தேநீர்க் கடைக்கு வெளியே விட்டுச் செல்ல வேண்டியதில்லை. சிறந்த படம் இது என்று சொல்லும்போது, நான் பார்த்தவற்றுள் என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டாலே பாதிச் சண்டை தணியும். எங்கே, எந்தப் பிரதியில், எந்த வயதில் பார்த்தோம் என்றும் சொன்னால் மீதிப் பாதி உரையாடலாக மாறும்.

இன்னொரு கடமை இதைவிட அவசரமானது. அடிவாரக் கொட்டகைகளில் மணலில் அமர்ந்து படம் பார்த்த தலைமுறை நம்மை விட்டுச் சென்றுகொண்டிருக்கிறது. நம் நன்னாமார்களிடமும் நன்னிமார்களிடமும், எந்த ஊர்க் கொட்டகை, என்ன படம், டிக்கெட் என்ன விலை, யாரோடு போனார்கள், வீட்டில் சொல்லிவிட்டா சொல்லாமலா என்று இன்றே கேட்டு எழுதி வைப்போம். பழைய பெட்டிகளில் பாட்டுப் புத்தகமோ திரையரங்குத் துண்டறிக்கையோ கிடைத்தால் பழைய தாள் கடைக்குப் போடாமல் எடுத்து வைப்போம். கன்னிவாடி மக்கள் எதைப் பார்த்தார்கள், எதற்கு அழுதார்கள் என்பதைப் புனேயில் உள்ள காப்பகம் எழுதி வைக்காது. அதை எழுத நம்மைத் தவிர வேறு ஆளில்லை.

இம்ருஉல் கைஸா அஃஷாவா என்பது இன்னும் முடியவில்லை. முடியாததால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் தரஃபாவின் தொலைந்த கவிதைகள் தொலைந்தவையே; எத்தனை பஸராக்கள் கூடினாலும் அவற்றை மீட்க இயலாது. வாதத்தை நாளையும் தொடரலாம். கேட்க வேண்டியவரிடம் இன்றே கேட்டுவிடுவோம்.